பின் சீட்டில் அம்மா

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். கண்களை மூடியிருந்தேன். முழங்கால்களுக்கு நடுவே வீடு துடைக்கும் மாப்பின் கழி. அதைத் தரையில் ஊன்றி வலது கையால் பிடித்திருந்தேன். இடது கையில் தோசைத் திருப்பி.

"வேகம் சரி. உயரம் சரி. சக்கரம் இறக்கியாச்சு. ஓடுபாதை இடது பக்கம் தெரியுது" என்று வாய்விட்டுச் சொன்னபடி தோசைத் திருப்பியை மெதுவாகப் பின்னால் இழுத்தேன். கழியை இடது பக்கம் சாய்த்தேன். உடம்பும் கூடவே சாய்ந்தது.

வாசலில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"ராணிக்கா! சீக்கிரம் வந்து பாரு! உம் பொண்ணு கண்ண மூடிக்கினு, கரண்டிய இஸ்துக்கினு, தானா பேசிக்கினு கீது!"

பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவின் குரல். ரவிக்கை தைப்பவர். தையல் மெஷினை வாசலைப் பார்த்துப் போட்டிருப்பதால், எங்கள் தெருவில் எது நடந்தாலும் அவர் கண்ணில்தான் முதலில் படும்.

கண்ணைத் திறந்தபோது வாசல் நிறைய முகங்கள். அவற்றை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். சைதாப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருப்பவள். காலை வியாபாரம் முடித்து வந்த அலுப்பும், முந்தானையில் சாம்பார் வாசனையும்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?"

"பிளேன் ஓட்டுறேன்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். கழியைப் பார்த்தாள். கடைசியாகத் தோசைத் திருப்பியைப் பார்த்தாள்.

"ஓட்டு. ஆனா அதுல மாவு கீது, கழுவிட்டு எடுத்துருக்கலாம் இல்ல?"

நாற்காலியில் பறப்பது

விமானப்படையில் பறக்கக் கற்றுக்கொள்ளும் எல்லோரும் இதைச் செய்வார்கள். எங்கள் பயிற்சி நிலையத்தில் மாலையில் விடுதி வராந்தாவில் நடந்தால், அறைக்கு அறை ஒருவர் நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்து காற்றில் எதையோ அழுத்திக்கொண்டும் திருகிக்கொண்டும் இருப்பார். யாரும் சிரிப்பதில்லை. விமானத்தில் யோசிக்க நேரம் கிடையாது. அதனால் எந்தக் கை எப்போது எங்கே போக வேண்டும் என்பதை உடம்பு தரையிலேயே மனப்பாடம் செய்துவிட வேண்டும். எனக்கு மாப்பின் கழிதான் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக், தோசைத் திருப்பிதான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி.

எங்கள் வீட்டில் அதற்கு இடம்தான் பிரச்சினை. ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் அரிசி மூட்டை. நான் இடது பக்கம் திரும்பினால் அரிசி மூட்டை இடிக்கும்.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா கேட்டாள், "உங்க சாரு எங்க குந்துவாரு?"

"பின்னாடி. எனக்குப் பின்னாலயே இன்னொரு சீட்டு இருக்கும். அதுலயும் இதே மாதிரி ஸ்டிக் இருக்கும்."

"அப்ப அவரு மூஞ்சி உனக்குத் தெரியாது?"

"தெரியாது. காதுல குரல் மட்டும் வரும். சரியா செஞ்சா 'ம்'னு சொல்வாரு. அவ்ளோதான்."

அம்மா தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். "தோ, குந்திட்டேன். ஓட்டு. நான் 'ம்' சொல்றேன்."

அன்று அம்மாவுக்கு ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் முதல் நாள் கற்பது அது. விமானத்தை ஒருவர் இன்னொருவரிடம் கொடுக்கும்போது, "யூ ஹேவ் கன்ட்ரோல்ஸ்" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர், "ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கையை எடுக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது.

அம்மா அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சரிப்படவில்லை. பிறகு என் தோளைத் தட்டினாள்.

"உங்கைல கீது."

"இன்னாது?"

"நான் உங்கிட்ட குட்த்துட்டேன். நீ சொல்லு."

"எங்கைல கீது" என்றேன்.

"ம்" என்றாள் அம்மா, என் பயிற்சியாளரைப் போலவே.

பறந்தோம். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பின்னாலிருந்து "ம்" வந்தது. தரையிறங்கப் போகும் நேரத்தில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி அம்மா தூங்கிப்போயிருந்தாள். விடியும் முன்பே எழுந்து மாவு ஊற்றியவள். நான் சத்தம் குறைத்து, தனியாகவே இறங்கினேன்.

தெருமுனையில் ஒரு பேனர்

சிரிக்கச் சிரிக்க எழுதினாலும், அந்த விடுமுறையில் நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். படித்தேன், பட்டம் வாங்கினேன், விமானப்படைத் தேர்வில் வென்றேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நான் தேர்வானபோது தெருப் பையன்கள் சேர்ந்து முனையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கட்டினார்கள். சீருடையில் நான் சல்யூட் அடிக்கிறேன். என் தலைக்கு மேல் ஒரு பிரம்மாண்டமான பயணிகள் விமானம். கீழே, 'விண்ணை ஆளும் எங்கள் தெரு விமானி கௌசல்யா.'

நானோ அதுவரை ஒரு தடவைகூடத் தனியாகப் பறந்ததில்லை.

பயிற்சியில் முதல் பெரிய படி அதுதான். ஒருநாள் பயிற்சியாளர் பின் சீட்டிலிருந்து இறங்கிக்கொள்வார்; நீங்கள் மட்டும் ஒரு சுற்று சுற்றி இறங்க வேண்டும். என்னுடன் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் போய் வந்துவிட்டார்கள். என்னை விடவில்லை. என் விமானம் நேராகப் பறக்காது. மேலே ஏறும், உடனே கீழே இறங்கும், மறுபடி ஏறும். அலையில் படகு மாதிரி. விடுமுறை முடிந்து போனதும் கூடுதலாகச் சில பயிற்சிகள் தருவார்கள். பிறகு தலைமைப் பயிற்சியாளர் ஏறிப் பார்ப்பார். அவருக்கும் திருப்தி இல்லையென்றால் பறக்கும் பிரிவிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே இதைச் சொல்லிவிட்டேன்.

"திருப்பி அனுச்சா இன்னா இப்ப? நீ இன்னா திருடுனியா?" என்றாள் அம்மா.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். சாப்பிட்டு, கை கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார். "அந்த பேனர வோணா அவுத்துடட்டா?"

"வேணாம் நைனா. அது இருக்கட்டும். நான் அதுக்கு ஏத்த ஆளாயிட்டு வரேன்."

தைரியமாகத்தான் சொன்னேன். ஆனால் மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அதன் பின்பக்கமாகச் சுற்றிப் போனேன்.

மீன்பாடி வண்டியும் நானும்

என் பிரச்சினை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஸ்டிக்கை இறுக்கிப் பிடிக்கிறேன். பயிற்சியாளர் ஸ்ரீவத்சன் சார் முதல் வாரத்திலிருந்து சொன்னது அது ஒன்றுதான். 'விரலால் பிடி. பேனா பிடிக்கிற மாதிரி.' சரி சார் என்பேன். அடுத்த நொடி முஷ்டி தானாக மூடிக்கொள்ளும். இறங்கிக் கையுறையைக் கழற்றினால் உள்ளங்கை வெளுத்துப்போயிருக்கும்.

நான் முதலில் ஓட்டக் கற்ற வண்டி நைனாவின் மீன்பாடி வண்டி. சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: முன்னால் பலகை வைத்த மூன்று சக்கர வண்டியில் பழைய பைக் இன்ஜினைப் பொருத்தியிருப்பார்கள். பெயரில் மீன் இருந்தாலும், நைனா ஏற்றுவது சைதாப்பேட்டை மார்க்கெட் காய்கறி. அது போடும் சத்தத்துக்குத் தெருவே வழிவிடும். ஹேண்டில் பார் கையில் துள்ளும். இறுக்கிப் பிடிக்காவிட்டால் வண்டி அதன் இஷ்டத்துக்கு ஏதாவது கடைக்குள் போய்விடும்.

கல்லூரி நாட்களில் நைனாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் நான்தான் எடுப்பேன். தி.நகர் மெஸ் ஒன்றுக்கு வெங்காயமும் கோஸும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அப்படியே வகுப்புக்குப் போன நாட்கள் உண்டு. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது விரல்கள் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும்.

போதாக்குறைக்குப் பக்கத்து ஆற்றில் வெள்ளம் வந்த வருடம் ஒன்று. மாடி வீட்டுக்காரர்கள் எங்களை மேலே ஏற்றிக்கொண்டார்கள். என் சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். மும்தாஜ் அக்கா, "குடுடி, செத்த நேரம் நான் வச்சிக்கினு கீறேன்" என்றார். கொடுக்கவில்லை. கை விட்டால் போய்விடும் என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம்.

இப்படிப்பட்ட கையோடு போய் ஒரு விமானத்தைப் பிடித்தால் அது என்ன செய்யும், பாவம்.

மயிலாப்பூர் குரல்

ஸ்ரீவத்சன் சார் மயிலாப்பூர்க்காரர். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே சில பஸ் நிறுத்தங்கள்தான். ஆனால் இரண்டு பேரும் பேசும் தமிழுக்கு நடுவே ஒரு கடல் இருக்கிறது. விமானத்தில் ஆங்கிலம் மட்டும்தான். தரையில், வேறு யாரும் இல்லாதபோது, தமிழில் பேசுவார்.

விடுமுறை முடிந்து திரும்பிய அன்று கேட்டார். "ஆத்துல எல்லாரும் சௌக்கியமா? ஏதாவது பிராக்டிஸ் பண்ணினியா?"

மாப்பையும் தோசைத் திருப்பியையும் சொன்னேன். வாளியில் உட்கார்ந்து 'உங்கைல கீது' என்று விமானத்தைக் கொடுத்துவிட்டுத் தூங்கிய அம்மாவையும் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். கடைசியில் மீன்பாடி வண்டியையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அந்த வண்டியா? லஸ் கார்னர்ல திடீர்னு முன்னாடி வந்து நிக்குமே, அதுவா?"

"ஆமா சார்."

"அத நீ ஓட்டுவியா?"

"நல்லா ஓட்டுவேன் சார்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதை ஓட்டறவ இதை ஓட்ட மாட்டேன்கற. எனக்குப் புரியலம்மா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

யார் ஓட்டியது?

மறுநாள் காலை கிளம்பினோம். விமானத்தின் எரிபொருள் நெடி எனக்கு எப்போதும் ரேஷன் மண்ணெண்ணெயை ஞாபகப்படுத்தும். முகமூடியில் ரப்பர் வாசனை. கீழே காய்ந்த வயல்கள், நடுவில் ஓர் ஏரி.

மேலே போனதும், விமானத்தைச் சமன் செய்யச் சொன்னார். அதற்கென்று ஒரு சிறிய விசை உண்டு. சரியாக வைத்தால் ஸ்டிக்கில் கனம் இருக்காது. நான் வழக்கம்போல இறுக்கிப் பிடித்தபடியே அதைச் செய்து முடித்தேன். பிறகு ஒரு திருப்பத்தைக் காட்ட விமானத்தைக் கேட்டார். "ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்." கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டேன். அழகாகத் திருப்பி, நேராக்கினார். அந்த நொடியில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வானொலியில் அழைத்தார்கள். அவர் பதில் சொன்னார். அவர்கள் வேறு ஏதோ கேட்டார்கள். அதற்கும் பதில் சொன்னார்.

விமானம் நூல் பிடித்த மாதிரி போய்க்கொண்டிருந்தது. நான் வெளியே பார்த்தேன். இத்தனை நாள் பறந்தும் அந்த ஏரிக்கு நடுவே ஒரு சின்னத் திட்டு இருப்பதையும், அதில் ஒரே ஒரு மரம் நிற்பதையும் அன்றுதான் பார்த்தேன். சார் எவ்வளவு நன்றாக ஓட்டுகிறார் என்று எனக்குள் ஏக்கமாக இருந்தது. எனக்கு இது வரவே வராது என்றும் தோன்றியது.

"வெரி நைஸ்" என்றது பின்னாலிருந்து குரல்.

தன்னைத்தானே பாராட்டிக்கொள்கிறாரோ என்று நினைத்தேன்.

"இதைத்தான் இத்தனை நாளா கேட்டேன். இப்படியே வெச்சுக்கோ."

அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். என் கையைப் பார்த்தேன். "சார், கன்ட்ரோல்ஸ் உங்ககிட்டதானே இருக்கு?"

"இல்லை. உன்னிடம் இல்லையா?"

"இல்லை சார். என் கை தொடைமேல் இருக்கிறது."

யாரும் பிடிக்காத விமானம், அதைப் பற்றிக் கவலையே இல்லாமல், அதே உயரத்தில், அதே திசையில் போய்க்கொண்டிருந்தது. "ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்" என்று அவர் அவசரமாகச் சொன்னார். அதன் பிறகு இயர்ஃபோனில் ஒரு சத்தம் கேட்டது. இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"கௌசல்யா, கடைசியாக அதைச் சமன் செய்தது யார்?"

"நான்தான் சார்."

"ம்" என்றார்.

சமோசா

எங்கள் படைப்பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. பறக்கும்போது அசட்டுத்தனம் செய்தவர் எல்லோருக்கும் சமோசா வாங்கித் தர வேண்டும். என்ன செய்தோம் என்று காலைக் கூட்டத்தில் எழுந்து சொல்லவும் வேண்டும், மற்றவர்கள் அதே தவறைச் செய்யக் கூடாதே என்பதற்காக.

நான்தான் எழ வேண்டியிருக்கும் என்று வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீவத்சன் சார் எழுந்தார். அதிகாரிகள், பயிற்சி மாணவர்கள் எல்லோர் முன்னாலும், விமானத்தைத் திருப்பிக் கொடுக்கும் வார்த்தையைத் தான் சொல்லவே இல்லை என்றார். கொடுத்துவிட்டதாகத் தன் மனம் நினைத்துக்கொண்டது, மாணவி கேட்டதால்தான் தெரியவந்தது என்றார். முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை.

அன்று சமோசா அவர் கணக்கில். எனக்கு இரண்டு எடுத்து வைத்தார்.

"நானும் முன்னாடியே கேட்டிருக்கணும் சார்."

"கேட்டிருக்கணும். அடுத்த தடவை உடனே கேளு. ஆனா ஒண்ணு. நீ கையை விட்டா அது விழுந்துடும்னு நினைச்சுண்டிருந்தே. விழல, பாத்தியோ?"

அதை அவர் எத்தனையோ முறை வாயால் சொல்லியிருக்கிறார். என் கைதான் நம்பவில்லை. நம்புவதற்கு அது தொடைமேல் சும்மா கிடக்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை இரண்டு விரலும் கட்டைவிரலும் மட்டும். முஷ்டி மூடும்போதெல்லாம் ஏரி நடுவே இருந்த அந்த மரத்தை நினைத்துக்கொண்டேன், விரல்கள் தளர்ந்தன. சில நாள் கழித்துத் தலைமைப் பயிற்சியாளர் ஏறினார். பறந்து இறங்கினோம். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "நாளைக்குத் தனியா அனுப்பலாம்" என்று ஸ்ரீவத்சன் சாரிடம் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

கட்டிவைத்த பட்டைகள்

மறுநாள் காலை சாருடன் ஒரு சுற்று வந்து இறங்கினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் பின் சீட்டிலிருந்து எழுந்தார். ஆள் இல்லாத சீட்டின் பட்டைகள் அவிழ்ந்து ஸ்டிக்கில் சிக்கிவிடக் கூடாது. அதனால் ஒவ்வொன்றாக இறுக்கிக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார்.

பிறகு இறக்கையில் நின்று, என் பக்கமாகக் குனிந்தார். காற்று அவர் சீருடையைப் படபடக்க வைத்தது. இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. மயிலாப்பூர் நாக்கால் ஒவ்வோர் எழுத்தையும் தடவித் தடவிக் கத்தினார்.

"உங்கைல கீதும்மா!"

கட்டைவிரலை உயர்த்தினேன். "எங்கைல கீது, சார்!"

ஓடினேன், எழும்பினேன். ஓர் ஆள் எடை குறைந்த விமானம் நினைத்ததைவிடச் சீக்கிரம் தரையை விட்டது. திரும்பினேன். ஓடுபாதைக்கு இணையாக வந்தேன். வேகம் சரி. உயரம் சரி. சக்கரம் இறக்கியாச்சு. பழக்கத்தில், "எங்கைல கீது" என்று வாய்விட்டு இன்னொரு தடவையும் சொல்லி, பின்னாலிருந்து வரும் "ம்"முக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை. இறங்கினேன்.

கைபேசி கையில் கிடைத்ததும் அம்மாவை அழைத்தேன். கடையில் கூட்டம். யாரோ சட்னி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எம்மா, தனியா ஓட்டிட்டேன்!"

"தனியான்னா? சாரு?"

"கீழ எறங்கிட்டாரு. பின்னாடி யாருமே இல்ல."

தாம்பரம் ரயில் ஒன்று அவள் பக்கத்தில் கடந்து போனது. அது போனதும் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"காத்துல அந்த பேனரு அவுந்துட்சிடி. கடைக்கு மேல கட்டிக்கினேன். உம் மூஞ்சி உள்பக்கமா கீது. இட்லியப் பாத்து சல்யூட் அடிச்சிக்கினு கீற."

"இருக்கட்டும்மா."

"அந்த வார்த்தைய ஒயுங்கா சொன்னியா?"

"சொன்னேன். பழக்க தோஷத்துல மேல போயும் ஒரு தபா சொன்னேன். பின்னாலேர்ந்து 'ம்'மே வரலம்மா."

"வராது" என்றாள் அம்மா. "நான்தான் தூங்கிட்டிருப்பேன்."